சிதைவும் கதையும்

தோன்றியன யாவும் ஒருநாள் மறையும் என்பது நம் முன்னோர் பலகாலும் எடுத்துரைத்த உண்மையாகும். தொல்காப்பியர் நிலையாமையைப் பொருளாகக் கொண்ட காஞ்சியைத் தனித் திணையாக வகுத்தார். வள்ளுவர் துறவறவியலில் நிலையாமைக்கென ஓரதிகாரம் அமைத்தார். காரைக்காலம்மையார் திருவாலங்காட்டுச் சுடுகாட்டை இறைவன் ஆடும் அரங்காகக் கண்டு பாடினார். எனினும், ஒரு பொருள் அழியும் என்று கூறுதல் வேறு; அஃது அழியும் முறையைக் காட்டுதல் வேறு. முன்னது அறவுரை, பின்னது கதை. மாம்பழம் அழுகும் என்றால் கேட்போன் ஆமெனத் தலையசைத்து அப்பாற் செல்வான். காம்படியில் ஒரு கரும்புள்ளி தோன்றியது, மறுநாள் அது காசளவாயிற்று, மூன்றாம் நாள் ஈ வந்தது என அடைவே கூறினால், பின்னர் யாது நிகழ்ந்தது என்று வினவுவான். அவ்வினா எழுமிடத்தே கதை பிறக்கின்றது.

அண்மையில் மாணவன் ஒருவன் தான் கணினியில் வரைந்த படமொன்றை எமக்குக் காட்டினான். கூரையில்லாத ஒரு கல்வீடு. சுவரைப் பற்றிப் படர்ந்த ஆலம் வேர். கல்லிடுக்கிற் பச்சைப் பாசி. மேலே மாலை வெயில். "காலம்" என்று அதற்குப் பெயரிட்டிருந்தான். படம் அழகாகவே இருந்தது. ஆயினும், "கூரை எங்கே போயிற்று?" என்று வினவியபோது அவனிடம் விடையில்லை. அந்த வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

கணினியைக் கருவியாகக் கொண்டு ஆக்கப்படும் இலக்கமுறைக் கலை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அக்கலையிலே ஒரு விந்தை உண்டு. கணினியிற் பதிந்த படம் துருப்பிடிப்பதில்லை, பாசி பற்றுவதில்லை, அதனைக் கறையான் அரிப்பதில்லை. நூறு முறை படியெடுப்பினும் நூறாவது படி முதற் படியை ஒத்ததேயாகும். வாடாத பொருளைக் கைக்கொண்டு வாட்டத்தைக் காட்ட விழையும் கலைஞன் யாரிடம் பாடங் கேட்பான்? இயற்கையிடமே கேட்டல் வேண்டும். அங்ஙனம் இயற்கையின் சிதைவைக் கற்றுக் கதை சொல்லும் மரபு கணினிக்கு மிக முந்தியது. அம்மரபின் வரலாற்றை ஒருவாறு நோக்கி, அதன்பின் மாணவனின் படத்திற்கு மீள்வாம்.

ஒன்பது நிலைகள்

சிதைவைப் படிமுறையாக நோக்கும் பயிற்சியை ஓர் ஒழுங்காக வகுத்தோர் பௌத்தராவர். சதிபட்டான சுத்தம் என்னும் பாளிச் சூத்திரம், சுடுகாட்டில் இடப்பட்ட உடலொன்றை ஒன்பது நிலைகளில் வைத்து எண்ணிப் பார்க்குமாறு துறவியை ஏவுகின்றது. வீங்கி நீலம் பாரித்த உடலில் தொடங்கும் அவ்வெண்ணம், வெளிறிய எலும்பினூடே சென்று, எலும்பும் பொடியாதலில் முடிகின்றது. சோழநாட்டுப் புகாரின் புறத்தே இருந்த சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டை மணிமேகலை ஆசிரியர் விரித்துரைத்தமையும் இவ்வெண்ணத்தோடு உறவுடையதே.

இப்பயிற்சியின் வரலாற்றில் நம் ஈழநாட்டுக்கும் சிறப்பானதோர் இடமுண்டு. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்து அநுராதபுரத்து மகாவிகாரையில் தங்கிய புத்தகோசர், விசுத்திமக்கம் என்னும் பெருநூலை இயற்றினார். அந்நூலின் ஆறாம் அதிகாரம் பிணத்தின் நிலைகளைப் பத்தாக வகுத்துக் கூறுகின்றது. ஊதியது, நீலித்தது, சீழ் வடிவது, புழு நெளிவது, எலும்பாயது என்பன காலத்தின் தொழிலாற் சிதைந்த உடல்கள். நாயும் நரியும் கடித்தது விலங்கின் தொழிலால் சிதைந்தது. இவற்றோடு இரண்டாக வெட்டுண்டது, ஆயுதத்தாற் கொத்திச் சிதறடிக்கப்பட்டது என்பனவும் அப்பட்டியலிலே தனித்தனிப் பெயர் பெற்று நிற்கின்றன. வெட்டுண்ட உடலைப் போர்க்களத்திலும் கள்வர் திரியும் காட்டிலும் காணலாம் என்றும் அந்நூல் கூறும். பற்றறுப்பதையே நோக்கமாகக் கொண்ட துறவியுங்கூட, தானாக அழுகியதனையும் பிறரால் வெட்டப்பட்டதனையும் ஒன்றெனக் கொள்ளவில்லை. இதனை நினைவில் இருத்துக.

பௌத்தம் சீனத்தினூடாக யப்பானை அடைந்தபோது, எண்ணமாக இருந்தது ஓவியமாயிற்று. குசோசு எனப்படும் ஒன்பதுநிலை ஓவியங்கள் அந்நாட்டிற் பல நூற்றாண்டுகளாக வரையப்பட்டு வந்தன. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சுருளோவியம் இன்றும் உள்ளது. உயர்குலப் பெண்ணொருத்தி இறந்த கணந்தொட்டு, உடல் ஊதி, வெடித்து, விலங்குகளுக்கு இரையாகி, எலும்புகள் சிதறிக் கிடக்கும் வரையும் அவை காட்டும். 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கொபயாசி எயித்தக்கு என்னும் ஓவியர் கணிகையொருத்தியின் உடலை இவ்வாறு பட்டிலே வரைந்தார். அஃது இப்பொழுது இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது.

சுருளோவியத்தின் இயல்பு ஈண்டுக் கருதத்தக்கது. அதனைச் சுவரில் மாட்டி ஒரே பார்வையிற் காண்பதில்லை. ஒரு கையால் விரித்து மறு கையாற் சுருட்டிப் பகுதி பகுதியாகவே காண்பர். விரிக்கும் வேகம் காண்போன் கையில் உள்ளது. மேலே காண அஞ்சுவோன் நிறுத்தலாம். முன்னைய அழகை விழைவோன் திரும்பலாம். கணினித் திரையின் அடியில் ஓடும் காலக்கோட்டை விரலால் முன்னும் பின்னும் நகர்த்தும் இக்காலத்தார் அப்பழஞ் செயலையே புதுக் கருவியாற் செய்கின்றனர் எனலாம்.

ஒரே சட்டத்துட் காலம்

மேலைநாட்டு ஓவியர்க்கு இவ்வாய்ப்பு இருக்கவில்லை. அவர்தம் ஓவியம் ஒரு சட்டத்துள் அடங்கியது; ஒரு கணத்தையே காட்ட வல்லது. ஆயினும் 17ஆம் நூற்றாண்டின் ஒல்லாந்து ஓவியர் அக்கணத்தினுள்ளே காலத்தை நுழைக்க வழி கண்டனர். அம்புரோசியசு பொசுக்கார்ட்டு என்பவர் 1618ஆம் ஆண்டளவில் வரைந்த சாளரத்துப் பூச்சாடி ஓவியம் டென் ஹாக் நகரத்து மோரிட்சுகூயிசு காட்சிச்சாலையில் உள்ளது. வெவ்வேறு பருவங்களில் மலரும் பூக்கள் அதிலே ஒரே சாடியில் மலர்ந்து நிற்கின்றன. இயற்கையில் அவை ஒருங்கு மலர்தல் இயலாது. அழியாத பூச்செண்டை ஆக்கிய அதே ஓவியர் சில இலைகளைப் புழு அரித்தனவாகவும் வரைந்தார். அரித்த இலை இறந்தகாலத்தைக் கூறுகின்றது: யாரோ வந்து உண்டு சென்றுவிட்டனர். அது வருங்காலத்தையுங் கூறுகின்றது: மற்றைய இலைகளும் தப்பா. ஒரு சிறு துளையினாலே ஒரு கணம் மூன்று காலமாக விரிகின்றது.

இம்மரபைக் கட்டடத்தின் மீது செலுத்தியவர் பிரான்சிய ஓவியர் ஹியூபேட் றொபேட். இத்தாலியிற் பதினோராண்டு தங்கி உரோமாபுரியின் இடிபாடுகளை வரைந்து பழகியவர் அவர். பிரான்சியப் புரட்சிக் காலத்திற் சிறையிருந்து மீண்டபின், 1796ஆம் ஆண்டில், அப்பொழுது நன்னிலையில் இருந்த இலூவர் அரண்மனையின் பெருங்கூடத்தை வருங்காலத்து இடிபாடாகக் கற்பனை செய்து வரைந்தார். கூரையின் வளைவு இடிந்து வானம் தெரிகின்றது. பிளவுகளிற் செடிகள் முளைத்துள்ளன. எஞ்சி நிற்கும் அப்பொலோ சிலையின் முன்னே ஓவியன் ஒருவன் இருந்து வரைந்துகொண்டிருக்கின்றான். இன்று நிற்பதன் நாளைய சிதைவை முன்கூட்டிக் காட்டி, இன்றைக்கு அறிவுரை கூறும் இம்முறையே இக்காலத்துக் கணினி விளையாட்டுகளில் வரும் பாழடைந்த மாநகரங்களுக்கு முன்னோடியாகும்.

ஓடும் படம்

1910ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த பேர்சி சிமித்து என்பவர் பூக்கள் மலர்வதனைச் சலனப்படமாக எடுத்துக் காட்டினார். நெடுநேர இடைவெளி விட்டு ஒவ்வொரு படமாக எடுத்து, அவற்றை விரைவாக ஓட்டுதலே அவர் கையாண்ட முறை. மணிக்கு ஒரு படம் எடுத்து, செக்கனுக்கு இருபத்துநான்கு படம் வீதம் ஓட்டினால், ஒரு பகலும் ஓரிரவும் ஒரு செக்கனிற் கழியும். மலர்தலைக் காட்டிய அதே முறை வாடுதலையும் காட்ட வல்லது. யப்பானியர் ஒன்பதாகப் பிரித்ததனை இனி ஆயிரமாகப் பிரிக்கலாம் என்றாயிற்று.

இவ்வாய்ப்பைக் கதைக்கு உரியதாக்கியவருள் பீற்றர் கிறீனவே ஒருவர். 1985ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்தம் திரைப்படமொன்றில், விலங்கியலாளரான இரட்டைச் சகோதரர் தம் மனைவியரை மோட்டார் விபத்தில் இழக்கின்றனர். இழந்ததன் பொருளை அறியமாட்டாத அவர்கள், அப்பிள் பழத்திற் தொடங்கிப் படிப்படியாகப் பெரிய உயிர்களின் உடல் அழுகுவதனைப் படமெடுக்கின்றனர். சிதைவின் படிகளே அங்குத் துயரத்தின் படிகளாகின்றன.

2001ஆம் ஆண்டில் சாம் தெயிலர்-ஜோன்சன் என்னும் இங்கிலாந்துக் கலைஞர் ஒரு தட்டுப் பழத்தை வைத்து, அது பூஞ்சணம் பற்றிக் கரியதொரு குவியலாகும் வரை படமெடுத்து, நான்கு நிமிடத்துக்கும் குறைந்த காட்சியாக்கினார். பழைய ஒல்லாந்து ஓவியம்போலவே ஒளியும் அமைப்பும் இருந்தன. ஆனால், தட்டின் அருகே மலிவான பிளாஸ்டிக் குமிழ்முனைப் பேனையொன்று கிடந்தது. பழங்கள் யாவும் உருமாறிய பின்னரும் அப்பேனை கிடந்தபடியே கிடந்தது. அழியாமை மேன்மை என்றெண்ணி வந்த நமக்கு, அழிய வகையற்ற அப்பொருளே அக்காட்சியில் உயிரற்றதாகத் தோன்றும். கணினிப் படமும் அப்பேனையின் இனத்ததே அன்றோ?

செம்பும் களிம்பும்

சைவசித்தாந்தம் கற்போர் செம்பிற் களிம்பு என்னும் உவமையை நன்கறிவர். களிம்பு செம்பின்மேற் பின்னர் வந்து ஒட்டியதன்று. செம்பு உள்ளபோதே உடனுள்ளது. உயிரோடு ஆணவம் உடனுள்ளமைக்கு அதனை நம் ஆசிரியர் உவமையாகக் காட்டினர். இயற்கைச் சிதைவின் தன்மையை உணர்த்தவும் இதனினும் சிறந்த உவமை இல்லை. பொருளின் இயல்பிலேயே அதன் சிதைவு அடங்கிக் கிடக்கின்றது.

பழைய சலனப்படச் சுருள் இதற்கு நல்ல சான்று. 1950களின் தொடக்கம் வரை திரைப்படங்கள் பெரும்பாலும் செலுலோசு நைத்திரேற்றுச் சுருளிலேயே பதியப்பட்டன. அப்பொருள் காலப்போக்கிற் தானே பிரிந்து நைதரசனீரொட்சைட்டு வாயுவை வெளிவிடும். வாயு ஈரப்பற்றோடு கூடி நைத்திரிக்கமிலமாகும். அவ்வமிலம் சுருளை மேலும் அரிக்கும். அரிக்க அரிக்க வாயு மேலும் பிறக்கும். சுவடிக்காப்பாளர் இந்நோயையும் ஐந்து படிகளாக வகுத்துள்ளனர்: முதலிற் படம் மங்கிப் பழுப்பேறும், பின் பிசுபிசுக்கும், பின் குமிழி எழும், பின் சுருள் முழுதும் ஒரே கட்டியாகும், ஈற்றிற் பழுப்புப் பொடியாய் உதிரும். அநுராதபுரத்துப் பத்து நிலைகளைக் கற்றவர்க்கு இவ்வைந்தும் புதியனவல்ல.

அமெரிக்கரான பில் மொறிசன், சுவடிச்சாலைகளில் இங்ஙனம் நோயுற்றுக் கிடந்த சுருள்களைத் தேடியெடுத்துத் தொகுத்து, 2002ஆம் ஆண்டில் "டிகேசியா" என்னும் படத்தை ஆக்கினார். மைக்கேல் கோடன் அதற்கு இசையமைத்தார். அப்படத்திற் குத்துச்சண்டை வீரன் ஒருவன் ஓயாது குத்துகின்றான். அவன் எதிரே இருந்தது சுருளின் அழுகலால் மறைந்துபோய், கொதித்தெழும் ஒரு கறைத்தூணாகிவிட்டது. மனிதன் காலத்தோடு பொருதலை எந்தப் புலவரும் திட்டமிட்டு இங்ஙனம் அமைத்திலர். இயற்கை எழுதியதனைக் கண்டறிந்து உரிய இடத்தில் வைத்ததே மொறிசன் செய்த தொழில். 2013ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இது சேர்க்கப்பெற்றது.

இசையிலும் இதனை ஒத்ததொரு நிகழ்ச்சி உண்டு. நியூயோர்க்கில் வாழ்ந்த வில்லியம் பசின்சுகி, தாம் 1980களில் காந்த நாடாக்களிற் பதிந்த இசைத் துண்டுகளை 2001ஆம் ஆண்டிற் கணினிக்கு மாற்ற முற்பட்டார். நாடா சுழலச் சுழல அதன்மேலிருந்த இரும்பொட்சைட்டுப் பூச்சு உதிரலாயிற்று. ஒவ்வொரு சுற்றிலும் இசை சிறிது தேய்ந்தது. ஈற்றில் மௌனமே எஞ்சியது. காப்பதற்கென எடுத்த முயற்சியே அழிவாயிற்று. ஆனால் அவ்வழிவு முழுவதும் கணினியிற் பதிவாயிற்று. நாடா இறந்தது, அது இறந்த கதை நிலைத்தது. தன்னளவிற் சிதையாத கணினி, பிறவற்றின் சிதைவுக்குச் சான்றாளனாக அமையக்கூடும் என்பதனை இந்நிகழ்ச்சி காட்டிற்று.

கணினி கற்ற பாடம்

சான்றாளனாக இருப்பதோடு அமையாது, சிதைவைத் தானே ஆக்கிக்காட்டவும் கணினி முற்பட்டது. தொடக்கத்திற் கணினிப் படங்கள் யாவும் கண்ணாடிபோல் வழுவழுப்பாகவே இருந்தன. 1985ஆம் ஆண்டிற் கென் பேர்லின் என்பவர், இயற்கையில் உள்ளதுபோன்ற ஒழுங்கற்ற புள்ளியும் வரியும் தோன்றச் செய்யும் கணித முறையொன்றை வெளியிட்டார். கல்லின் சொரசொரப்பும் பளிங்கின் வரியும் அதனால் இயன்றன. எனினும், அழுக்கை எங்கும் ஒரே வகையாகப் பூசினால் அது சிதைவாகத் தோன்றுவதில்லை; பூச்சாகவே தோன்றும். சாளரத்தின் கீழ்விளிம்பிற் கறை நீளமாக இறங்குவது ஏன்? மழைநீர் விளிம்பிற் தேங்கி அங்கிருந்து வழிவதனால். சிலையின் மடிப்பிலே களிம்பு தடித்து மூக்கு நுனியில் இல்லாதிருப்பது ஏன்? மடிப்பில் ஈரம் தங்குவதனாலும், நுனி கையும் மழையும் பட்டுத் தேய்வதனாலும். 1996ஆம் ஆண்டில் ஜூலி டோசி, பற் ஹன்றகன் என்போர் உலோகத்திற் களிம்பு படலம் படலமாக ஏறும் முறையைக் கணினியில் அமைத்துக் காட்டினர். கறையைக் கற்றல் காரணத்தைக் கற்றலாயிற்று. நம் சித்தாந்த ஆசிரியர் உவமையாகக் கண்ட களிம்பை அவர்கள் கணக்காகக் கண்டனர்.

கலைஞர் இக்கருவிகளைக் கொண்டு பழைய ஓவியங்களுக்கே திரும்பியமை வியத்தற்குரியது. மேற்கூறிய பொசுக்கார்ட்டின் மகன், தந்தையின் பெயரையே தாங்கியவர், இறந்த தவளையையும் அதனை மொய்க்கும் ஈக்களையும் 1630ஆம் ஆண்டளவில் வரைந்திருந்தார். இலண்டனைச் சேர்ந்த றொப், நிக் காட்டர் தம்பதியர் அவ்வோவியத்தை 2012, 2013ஆம் ஆண்டுகளிற் கணினியால் இயங்கச் செய்தனர். சட்டமிட்ட திரையில் மூன்று மணிநேரம் அது மெல்ல மெல்ல மாறும். ஒரு கணம் நின்று நோக்குவோர்க்கு அது வெறும் ஓவியம். பொறுமையோடு நிற்போர்க்கே சிதைவு புலப்படும். ஆயினும் மூன்று மணி கழிந்ததும் படம் முதலிலிருந்து மீண்டும் ஓடும். இயற்கையில் இம்மீட்சி இல்லை. இழப்பில்லாத சிதைவு அரைக் கதையே.

இழப்பையும் கணினிக்குள் கொணர முயன்றவர் உளர். 1992ஆம் ஆண்டில் வில்லியம் கிப்சன் தம் தந்தையின் பழம் புகைப்படத் தொகுப்பைப் பற்றி "அகிறிப்பா" என்னும் கவிதையை எழுதினார். அது கணினித் தட்டில், ஒருமுறை ஓடியபின் மறைகுறியாக மாறி மீண்டும் படிக்கவியலாதவாறு அமைக்கப்பட்டது. ஆனால் யாரோ அதனைப் படியெடுத்து இணையத்திற் பரப்பிவிட்டனர். மறைய வேண்டிய கவிதை இன்றும் மறையாதிருக்கின்றது. கணினியிற் சிதைவு தானே வாராது. கலைஞன் வலிந்து வைத்தாலும் நிலையாது.

சிதைவின் படிகளைக் கதையின் உறுப்பாகவே அமைத்த ஆக்கங்களுள் 2013ஆம் ஆண்டில் வெளிவந்த "தி லாஸ்ட் ஒஃப் அஸ்" என்னும் கணினி விளையாட்டு பெயர்பெற்றது. எறும்பின் உடலினுட் புகுந்து அதனை ஆட்டிவைத்து, ஈற்றில் அதன் தலையைப் பிளந்துகொண்டு முளைக்கும் பங்கசு ஒன்று இயற்கையில் உண்டு. பிபிசி நிறுவனத்தார் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட "பிளனற் ஏர்த்" என்னும் இயற்கைப் படத்தொடரில் இது காட்டப்பெற்றது. அக்காட்சியே விளையாட்டின் ஆசிரியர்க்கு வித்தாயிற்று. அத்தகைய பங்கசு மனிதரைப் பற்றினால் யாது நிகழும் என்பதே கதை. நோயுற்றோர் நான்கு படிகளாக வருவர்: முதற் படியில் மனித முகம் இருக்கும், இறுதிப் படியில் பங்கசே எஞ்சும். எதிர்ப்படுவோர் எப்படியில் நிற்கின்றார் என்பதனை நோக்கியே, நோய் பற்றி எத்துணைக் காலமாயிற்று என்பதனை விளையாடுவோன் அறிகின்றான். ஒருவரும் சொல்லாமலே கதை விளங்குகின்றது. சுருளோவியத்தின் ஒன்பது நிலைகளும் வடிவு மாறி இங்கே வாழ்கின்றன எனல் மிகையன்று.

காலமும் கையும்

இதுகாறும் கண்டவற்றால் இரண்டு உண்மைகள் பெறப்படும். சிதைவு கதையாவதற்குப் படிமுறை வேண்டும் என்பது ஒன்று. அப்படிமுறைக்குக் காரணம் வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் அமைந்தவிடத்துச் சிதைவு பொய் சொல்லாத சான்றாகின்றது.

ஏட்டுச்சுவடியை ஆராய்வோர் இதனை நன்கறிவர். புழு ஒரு கட்டினைத் துளைக்கும்போது அடுத்தடுத்த ஏடுகளில் ஒரே இடத்திற் துளையிடும். கட்டு அவிழ்ந்து ஏடுகள் முறைமாறிக் கிடப்பினும், துளையோடு துளை பொருத்தி முன்னைய வரிசையைக் காணலாம். அழிக்க வந்த புழுவே அடைவைக் காத்துத் தருகின்றது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை பழஞ் சுவடிகளின் நிலையைத் தம் பதிப்புரையில் விவரித்தபோது, ஏட்டின் ஓரத்திலிருந்து எழுத்துவரை அழிவு ஏறிய முறையை வரிசையாகவே எடுத்துக் காட்டினார். படித்தோர் நெஞ்சு இன்றும் நடுங்குவதற்குக் காரணம் அவ்வரிசையே. 2005ஆம் ஆண்டிற் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம், ஈழத்துத் தமிழ் ஆவணங்களைக் கணினியிற் காத்து வருகின்றது. அத்தகைய பதிவுகளில் ஏட்டுத் துளையை "அழகு" கருதி நிரப்பிவிடுவோமாயின், சான்றொன்றை நாமே அழித்தவராவோம்.

இனி, மாணவனின் படத்திற்கு வருவாம். ஆலம் வேர் சுவரைப் பிளப்பது இயற்கை. ஆனால் கூரை சென்றது எவ்வாறு? கவனிப்பாரற்று ஒரு வீடு பாழாகுமாயின், முதலில் ஓடு விலகும், மழை இறங்கிப் பனஞ் சிலாகை நனையும், கறையான் ஏறும், கூரை தொய்ந்து ஒருநாள் உள்ளே விழும். அத்தகைய வீட்டின் தரையில் உடைந்த ஓடும் உளுத்த மரமும் குவிந்து கிடக்கும். எறிகணை வீழ்ந்த வீடாயின் சுவரிலே சன்னத்தின் துளைகள் இருக்கும். ஓட்டையும் மரத்தையும் எவரோ கழற்றிச் சென்ற வீடாயின் உள்ளே ஒன்றும் இராது. தரை வெறுமையாய்க் கிடக்கும். மூன்று வீட்டிலும் இருபதாண்டு கழிந்தால் ஆல் முளைக்கும், பாசி படரும். தூரத்திலிருந்து நோக்குவோன் மூன்றையும் காலத்தின் செயல் என்பான். அண்மையில் நின்று வரைபவன் அங்ஙனம் கூறலாகாது. மாணவன் எங்கோ கிடைத்த பாசியையும் வேரையும் எடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தான், காரணத்தைக் கேட்டானில்லை. "காலம்" என்னும் தலைப்பினால், காலம் செய்யாத ஒன்றும் காலத்தின் கணக்கில் எழுதப்பட்டது.

1981ஆம் ஆண்டு யூன் மாதம் 1ஆம் நாள் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. பழைய ஏடுகளும் அவற்றுள் இருந்தன. அவ்வேடுகளைப் புழு அரித்திருக்குமாயின், துளையைப் பொருத்தி ஏதேனும் மீட்டிருக்கலாம். தீக்குப் படிமுறை இல்லை; அது மீட்பதற்கு ஒன்றும் விடுவதில்லை. களிம்பு செம்போடு உடனுள்ளது; தீ வெளியிலிருந்து ஒருவர் கொணர்ந்தது. இவ்விரண்டையும் ஒரே பழுப்பு நிறத்திற் தீட்டி, நிலையாமை என்று பெயரிடுதல் கலையன்று, மறைத்தல். நிலையாமை என்னும் பெருஞ்சொல் செய்தவனை ஒளிக்கும் திரையாதல் கூடாது. உயிரனைத்தும் நிலையாதன என்று முழுமையாக நம்பிய புத்தகோசரும், வெட்டுண்ட உடலுக்கு வேறு பெயர் வைத்தமையின் பொருள் இப்பொழுது விளங்கும்.

முடிவுரை

இலக்கமுறைக் கலை நம் மாணவர்க்குப் பெருவாயில்களைத் திறந்துள்ளது. துருவையும் பாசியையும் பூஞ்சணத்தையும் ஒரு விரலசைவில் வரவழைக்கும் ஆற்றல் அவர்க்கு வாய்த்துள்ளது. எளிதாக வருவதனாலேயே அதிற் கவனம் வேண்டும். சிதைவை வரைய விரும்பும் மாணவன் முதலிற் கணினியை மூடிவைத்து, தன் வீட்டுக் கிணற்றடிக்குச் செல்க. கட்டின் எப்பக்கத்தில் பாசி தடித்துள்ளது, கப்பியில் துரு எங்கே தொடங்கியது, துலாவின் எப்பகுதி உளுத்தது என நாள்தோறும் நோக்கிக் குறிப்பெடுக்க. ஒவ்வொன்றிற்கும் காரணம் கேட்க. காரணம் மழையாயின் மழையை வரைக. புழுவாயின் புழுவை வரைக. மனிதன் கையாயின் அக்கையின் தடத்தையும் தயங்காது வரைக.

கணினிக்குத் தன்னியல்பான சிதைவு இல்லை என்றோம். ஆதலின் அதில் தோன்றும் ஒவ்வொரு கறையும் கலைஞன் அறிந்து வைத்ததேயாகும். அதற்கு அவனே பொறுப்பாளன். அப்பொறுப்பை உணர்ந்து வரைபவன் கையிற் சிதைவு வெறும் அழகாகாது, வரலாறாகும்.